டைமர் அண்ணனின் ஐந்து மணி

யாராவது ஒரு வேலையைக் கையால் செய்துகொண்டிருந்தால் டைமர் அண்ணனுக்குப் பொறுக்காது. அந்த டயாலிசிஸ் நிலையத்தில் அவர் எலக்ட்ரீஷியனாகத்தான் சேர்ந்தார். சேர்ந்த ஆறே மாதத்தில் தண்ணீர் மோட்டாருக்கு டைமர், வராந்தா விளக்குக்கு டைமர், டாக்டர் அறையில் வெந்நீர்க் கெட்டிலுக்குக்கூட டைமர். டாக்டர் வராத நாளிலும் ஒன்பதே காலுக்கு அந்தக் கெட்டில் கொதித்து, ஆளில்லாத அறையில் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எட்டு நாற்காலி, நாற்பத்து மூன்று நோயாளிகள். கிட்னி கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை வந்து, நாலு மணி நேரம் சாய்ந்து கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி, எந்த நாற்காலி என்பது தினமும் மாறும். ஒரு மெஷின் மக்கர் பண்ணினால் போதும், எட்டுப் பேருடைய முறை இடம் மாறிவிடும். இதையெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்குமேல் பெரிய சிஸ்டர் உட்கார்ந்து போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று போன். ஒவ்வொன்றிலும் "சாப்பிட்டீங்களா, காலு வீங்கியிருக்கா, பேரனுக்கு ஜுரம் விட்டுச்சா" எல்லாம் உண்டு. முடிக்க ஏழு மணி ஆகும்.

அதைப் பார்த்துத்தான் அண்ணனுக்குக் கை அரித்தது.

"சிஸ்டர், நீங்க பாட்டுக்கு நாலு மணிக்குக் கம்ப்யூட்டர்ல முறையை மட்டும் தட்டி வைங்க. அஞ்சு மணிக்கு அதுவா எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பிடும். இனிமே நீங்க போனைத் தொடவே வேண்டாம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

பள்ளிக்கூடப் படிப்பு எட்டோடு சரி என்றாலும், மனுஷன் கம்ப்யூட்டரைத் தானாகவே பழகியிருந்தார். வீடியோ பார்த்துப் பார்த்து, பிஎச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு குறிப்பு, எழுதினார். ஓட்டினால் பட்டியலை எடுத்து, நாற்பத்து மூன்று பேருக்கும் சத்தமில்லாமல் மெசேஜ் போட்டுவிட்டு வந்தது. அதுவரைக்கும் வெற்றிதான்.

தினமும் ஐந்து மணிக்கு அதை ஓட்ட வேண்டியது க்ரானின் வேலை. க்ரான் என்பது சர்வருக்குள் குடியிருக்கிற ஒரு டைமர், அவ்வளவுதான். அதற்கு ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். வரியின் தொடக்கத்தில் ஐந்து இடம்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. எந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டாலும் அங்கே 'எல்லாமே' என்று பொருள். வரியை ஊமையாக்க வேண்டுமென்றால் முன்னால் ஜன்னல் கம்பி மாதிரி ஒரு ஹேஷ் குறி. அண்ணனுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. ஐந்து மணி வரியை எழுதினார். ஐந்து மணி வந்தது. மெசேஜ் வரவில்லை.

அன்றைக்கு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. பிஎச்பி எங்கே இருக்கிறது என்று க்ரானுக்குத் தெரியாது, முழு விலாசம் கொடுக்கணும் என்று ஒரு வீடியோ சொன்னது. கொடுத்தார். ஸ்கிரிப்டை ஓட்ட க்ரானுக்கு அனுமதி இருக்கிறதா பார் என்றது இன்னொன்று. இருந்தது. சர்வரின் கடிகாரம் வேறே ஊர் நேரம் காட்டுகிறதா? இல்லை, சரியான நேரம்தான். மறுநாள் ஐந்து மணிவரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், சோதனைக்கென்று ஐந்து நட்சத்திரம் போட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும்படி இன்னொரு வரி எழுதினார். அதுவும் ஓடவில்லை. ஆனால் கையால் ஓட்டினால் கல்யாண வீட்டுப் பிள்ளை மாதிரி குடுகுடுவென்று ஓடியது.

"மூடு சரியில்லை போல" என்று மெஷின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சோதனை வரியை ஹேஷ் போட்டு ஊமையாக்கினார். ஆக்கினேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வார். அன்று ஒரு நாளைக்கு மட்டும் கையால் அனுப்பிவிடுவோம், நாளைக்குச் சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தார்.

அந்த 'நாளைக்கு' நாலு மாதம் ஓடியது.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அண்ணன் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்குவார். போனில் சர்வருக்குள் நுழைவார். நுழைந்ததுமே நேரே அந்த ஃபோல்டரில் போய் நிற்கிற மாதிரி வைத்திருந்தார்; ஒற்றைக் கட்டைவிரலால் தட்டினால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை உண்டா? கிடையாது. மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் எல்லாரும் போட்டோவுக்கு நின்றபோது, அண்ணனை மட்டும் காணோம், குளியலறையில் இருந்தார். ஒரு தடவை சலூனில் பாதி முகம் சோப்பு நுரையோடு, "ஒரு நிமிஷம் தம்பி" என்று கத்தியைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தார். சலூன்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் அவர் மனைவி இதற்கு ஒரு பேரே வைத்துவிட்டார்.

"என்னங்க, மணி அஞ்சாகப் போகுது. உங்க அஞ்சு மணிக்காரி காத்துக்கிட்டு இருப்பா, போங்க."

"சும்மா இரு. ஆபீஸ் வேலை."

"ஆபீஸ் வேலைக்குத்தான் இப்படி மூலையில போய் நிக்கிறீங்களா? நல்லா இருக்கு."

அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாமல் ஒரு மனுஷன் கட்டைவிரலை அசைத்துவிட முடியுமா? ஆனால் சொல்லிக்காட்டுகிற சுகத்தை ஏன் விட வேண்டும் என்று விடவில்லை.

பெரிய சிஸ்டருக்குத்தான் சாயங்காலம் சொந்தமாகக் கிடைத்தது. ஐந்தேகாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, நாற்பத்தாறு வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். "அண்ணே, நேத்து மிதந்துட்டேன்!" என்று ஒருநாள் வந்து சொன்னபோது அண்ணனுக்கு ஒரு பக்கம் பெருமை, மறு பக்கம் பயம். அந்த அம்மா மிதப்பது தன் கட்டைவிரல் மேல் என்று அவருக்கல்லவா தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியைக் கண் டாக்டர் நிறுத்தினார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. வியாழக்கிழமை ஆபரேஷன்.

"ஒரு வாரத்துக்குப் போன், கம்ப்யூட்டர் எதையும் பார்க்கக் கூடாது" என்றார் டாக்டர்.

"ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிமிஷம், டாக்டர்?"

"ஒரு நிமிஷம் என்ன பார்ப்பீங்க?"

பக்கத்தில் இருந்த மனைவி முந்திக்கொண்டார்: "அவருக்கு அஞ்சு மணிக்கு ஒருத்தி இருக்கா டாக்டர். நான் பார்த்துக்கிறேன், நீங்க ஆபரேஷனைப் பண்ணுங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை ஐந்து மணிக்குத் தட்ட ஆள் இல்லை. மெசேஜ் போகாவிட்டால் யாராவது ஒருவர் தன் முறையைத் தவறவிடுவார். டயாலிசிஸ் ஒரு முறை தவறினால் மூச்சு முட்டும், விளையாட்டு இல்லை. சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் இத்தனை நாள் கட்டிக்காத்த டைமர் என்கிற பெயர் ஒரே நாளில் கவிழ்ந்துவிடும். ஆகவே புதன்கிழமைக்குள் க்ரானைப் பேச வைத்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மனைவியின் தங்கை வீடு; ஒரு வாரம் அங்கே தங்குவதாக ஏற்பாடு. பூனையைக் கீழ்வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார். அவருக்காக மனைவி ஒரு சீட்டு எழுதி, "ஒரு தடவை படிச்சுப் பாருங்க, புரியுதான்னு" என்று நீட்டினார். அண்ணன் சீட்டை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு படித்தார்.

"'மேலே இருக்கிற டப்பாவுல பூனைத் தீனி. பக்கத்துல இருக்கிற கிண்ணத்துல ரெண்டு கை போடவும். பின்னாடி கதவைச் சாத்தவும்.' இது என்ன சீட்டு? மேலேன்னா எதுக்கு மேலே?"

"அடுப்புக்கு மேலே. வேற எங்க?"

"அடுப்புன்னு எங்க எழுதியிருக்கே?"

"நான் அடுப்புக்கிட்ட நின்னுதானே எழுதினேன்! இங்க நின்னா தெரியாதா?"

"அவங்க இங்கயா நிப்பாங்க? வாசல்ல நின்னு சீட்டைப் படிப்பாங்க. மேலேன்னா மொட்டைமாடிக்குப் போய்த் தேடுவாங்க. டப்பா இருக்காது, திரும்பிப் போயிடுவாங்க. பூனை பட்டினி. நீ நிக்கிற இடத்துலயே எல்லாரும் வந்து..."

வாய் பாதியில் நின்றது. சீட்டு கையிலிருந்து நழுவியது. பூனை அதை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

"என்னங்க? கண்ணு ஏதும் வலிக்குதா?"

"அடியே" என்றார் அண்ணன். "நானும் இதையேதான் எழுதி வச்சிருக்கேன்."

அதுதான் சங்கதி. 'பக்கத்தில் இருக்கிற பட்டியலை எடு' என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தார். அண்ணன் எப்போதும் அந்த ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டுதான் ஓட்டுவார். பட்டியல் பக்கத்திலேயே இருக்கும். க்ரான் நிற்பது வேறே இடத்தில், வாசலில். அது ஸ்கிரிப்டைப் படிக்கும், பக்கத்தில் பார்க்கும், பட்டியல் இருக்காது, திரும்பிப் போய்விடும். நாலு மாதமாக அது தினமும் மொட்டைமாடியில் டப்பா தேடியிருக்கிறது.

"நான் எழுதினா மட்டும் தப்பு" என்று முணுமுணுத்தபடி மனைவி சீட்டை எடுத்து, 'அடுப்புக்கு' என்று சேர்த்தார்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அண்ணன் அலுவலக அறையின் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஸ்கிரிப்டின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தார்: முதலில் உன் சொந்த ஃபோல்டருக்குப் போய் நில், பிறகு மற்ற வேலையைப் பார். அடுத்து க்ரானின் பட்டியலைத் திறந்தார். மேலே பழைய சோதனை வரி, கீழே ஐந்து மணி வரி. மேல் வரியின் முன்னால் நசுங்கிய எறும்பு மாதிரி ஏதோ தெரிந்தது. கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்தார். எறும்பு போகவில்லை. 'ஹேஷ்தான். ஊமையாத்தான் கிடக்கு' என்று திருப்தியாக மூடினார். புரை விழுந்த கண்ணுக்கு ஹேஷும் எறும்புதான், நட்சத்திரமும் எறும்புதான் என்பது அப்போது அவர் புத்திக்கு எட்டவில்லை.

மனசு லேசாக, விசிலடித்துக்கொண்டு தண்ணீர் சுத்திகரிக்கிற அறைக்குப் போனார். அங்கே மோட்டார் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் கேட்காது.

இந்தப் பக்கம் எட்டு நாற்காலியிலும் எட்டுப் பேர் சாய்ந்து கிடந்தார்கள். திடீரென்று எட்டுப் போனும் ஒன்றாக 'டிங்' என்றன. எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி 'டிங்'. அடுத்த நிமிடம் மறுபடியும்.

நாலாம் நாற்காலியில் ஒரு தையல்காரர். ஊசியை விட வாய் கூர்மை.

"சிஸ்டர், 'புதன் காலை எட்டு மணி, நாற்காலி நாலு'ன்னு வருது."

"அது நேத்து அனுப்பினதுங்க."

"இப்ப வருது. நான் புதன்கிழமை எட்டு மணிக்கு வந்து நாலாம் நாற்காலியிலதானே படுத்திருக்கேன்? இன்னும் எப்படிம்மா வரணும்?" டிங். "இந்தா, மறுபடியும் கூப்பிடுது. எனக்குக் கிட்னிதான் போச்சு, காது போகலை."

வீட்டில் இருந்தவர்கள் போன் போட ஆரம்பித்தார்கள். எனக்கு வெள்ளிக்கிழமையா, இன்றைக்கேவா? ஏதாவது ஆபத்தா? மெஷின் வெடிச்சுடுச்சா? நோயாளிகளை ஏற்றிவரும் வேன் டிரைவருக்கும் மெசேஜ் போகும், அவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்து, "சிஸ்டர், ஒரே அம்மாவை எத்தனை தடவை கூட்டிட்டு வரணும்?" என்றார்.

சிஸ்டரே மோட்டார் அறைக்கு ஓடி, அண்ணனின் முதுகில் தட்டினார். அண்ணன் திரும்பினார். சிஸ்டர் சொன்னது காதில் விழவில்லை. முகத்தைப் பார்த்ததும் விழுந்துவிட்டது.

அலுவலக அறைக்கு ஓடிப்போய்ச் சோதனை வரியை வேரோடு பிடுங்கியபோது பதினோரு மெசேஜ் போயிருந்தது. ஆளுக்குப் பதினொன்று. வெளியே வந்த அண்ணனை நாற்காலிகளுக்கு நடுவிலேயே சிஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"நாலு மாசமா ஒழுங்கா இருந்துச்சே அண்ணே, இன்னைக்கு ஏன் பைத்தியம் பிடிச்சுது?"

பொய் சொல்ல அண்ணனுக்கு ஐந்தாறு வழி இருந்தது. நெட்வொர்க் கோளாறு என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நாளைக்கு ஐந்து மணி?

"நாலு மாசமா அது போகவே இல்லை சிஸ்டர்" என்றார் தரையைப் பார்த்து. "நான்தான் தினமும் கையால அனுப்பினேன். இன்னைக்குத்தான் அது முதல் தடவையா தானா போச்சு. போனது கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

சிஸ்டர் விரல் விட்டு நாளை எண்ணினார்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம்?"

"ம்."

"உங்க மச்சான் வீட்டுப் புதுமனைக்குப் போனீங்களே, அன்னைக்கு?"

"குளியலறையிலேருந்து."

நாலாம் நாற்காலி கனைத்தது. "இதுல உங்களுக்கு என்னம்மா கோவம்? தினமும் அஞ்சு மணி அஞ்சு நிமிஷத்துக்கு எனக்குப் போன் போட்டு, 'மெசேஜ் வந்துச்சா'ன்னு கேட்கறது யாரு? யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு வேற."

சிஸ்டரின் முகம் சிவந்தது. "அது... சும்மா ஒரு தைரியத்துக்கு."

"ஒருத்தரு மெஷினா நடிக்கிறாரு, ஒருத்தங்க நம்பற மாதிரி நடிக்கிறாங்க. நடுவுல நான் ஒருத்தன் சாட்சி. டைமரு, எனக்குத் தனியா சம்பளம் போடச் சொல்லு" என்றார் தையல்காரர்.

சர்வருக்குள் குடைந்து பார்த்தபோதுதான் இன்னொரு கூத்து தெரிந்தது. க்ரான் வேலை செய்ய முடியாவிட்டால் சும்மா இருக்காதாம். புகார்க் கடிதம் எழுதி, உள்ளேயே ஒரு பெட்டியில் போட்டுவிடுமாம். அண்ணன் அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. நிமிடத்துக்கு ஒரு கடிதம், நாலு மாதம்: ஒரு லட்சத்து எழுபதாயிரத்துச் சொச்சம். எல்லாவற்றிலும் ஒரே வரி. பட்டியல் கிடைக்கவில்லை.

"பாவம் அண்ணே அது" என்றார் சிஸ்டர். "தொண்டை கிழியக் கத்தியிருக்கு."

அன்று சாயங்காலம் மெஷினுக்கு விடுமுறை. ஐந்து மணி வரியை அன்றைக்கு மட்டும் ஊமையாக்கிவிட்டு, ஆளுக்குப் பாதியாகப் போன் போட்டார்கள். அண்ணனுக்கு வந்த இருபத்திரண்டு பேரும் முறையைக் கேட்பதற்கு முன்னால் அவரை ஒரு வாங்கு வாங்கினார்கள். ஒரு பாட்டியம்மா மட்டும், "பதினோரு தடவை கூப்பிட்டியேப்பா, என் மகன்கூட அப்படிக் கூப்பிட மாட்டான்" என்றார்.

கிளம்புமுன் ஐந்து மணி வரிக்கு மறுபடி வாய் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை அண்ணன் தன் கண்ணை நம்பவில்லை. சிஸ்டர் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"முன்னாடி ஹேஷ் இல்லை. முதல்ல ஜீரோ. அப்புறம் பதினேழு, அதாவது சாயங்காலம் அஞ்சு. அப்புறம் நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்."

"நட்சத்திரம் மூணுதானே? நல்லாப் பாருங்க."

"மூணுதான் அண்ணே. ஒரே வரிதான் இருக்கு. போய்க் கண்ணைக் கவனிங்க. நாளைக்கு நான் பேப்பர்ல பட்டியலோட உட்கார்ந்திருப்பேன். அஞ்சரைக்குள்ள போகலைன்னா போனை எடுத்துடுவேன்." பிறகு என்ன நினைத்தாரோ, நாற்பத்து நாலாவது நோயாளியாக அண்ணனின் நம்பரையும் பட்டியலில் தட்டிவிட்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் காலையிலேயே முடிந்தது. சாயங்காலம் கொழுந்தியாள் வீட்டு முன்னறையில், வலது கண்ணில் கட்டோடு அண்ணன் மல்லாக்கப் படுத்திருந்தார். இடது கண்ணையும் மூடிக்கொள்ளச் சொல்லி உத்தரவு. போன் மனைவியின் மடியில்.

"மணி என்ன?"

"இப்பத்தானே கேட்டீங்க. நாலு அம்பத்தேழு."

கொழுந்தியாள் எட்டிப் பார்த்தாள். "மாமா, கையை ஏன் அப்படி ஆட்டறீங்க? வலிக்குதா?"

போர்வைமேல் வலது கட்டைவிரல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. மணி நாலு ஐம்பத்தெட்டு. மனைவி அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் டக்டக்கென்றது. ஐந்து. ஒன்றுமில்லை.

"வந்துச்சா?"

"இல்லை."

அங்கே சிஸ்டர் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். இனி நீச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

டிங்.

"'உங்கள் அடுத்த முறை வெள்ளி காலை ஏழு மணி. நாற்காலி ஜீரோ.'" மனைவி திரும்பவும் பார்த்தார். "ஜீரோ நாற்காலியா? அது எங்க இருக்கு?"

"பேசாதே" என்றார் அண்ணன். "அஞ்சு நிமிஷம் பேசாதே."

வந்தது பெரிதில்லை. மறுபடி வருமா என்பதுதான் கேள்வி. ஐந்து மணி இரண்டு நிமிடம். போன் சும்மா இருந்தது. மூன்று. நாலு. ஐந்தாவது நிமிடத்தில் 'டிங்' என்றதும் அண்ணன் கட்டையும் மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"படுங்க! சிஸ்டர்தான் அனுப்பியிருக்காங்க. 'எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. தையல்காரரைக் கேட்டேன். நான் நீச்சலுக்குக் கிளம்பறேன்.'"

அண்ணன் மெல்லப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவை படி" என்றார். மனைவி படித்தார். "முதல்ல வந்ததையும் படி." அதையும் படித்தார்.

"சரி, அஞ்சு மணிக்காரி ஓடிப் போயிட்டா" என்றார் மனைவி. "இனிமே அஞ்சு மணிக்கு என்ன பண்ணுவீங்களாம்?"

நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்த மனுஷனுக்கு ஐந்து மணிக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. எப்படி இருக்க வேண்டும் என்றே தெரியவில்லை.

மனைவி மருந்துப் பையைத் துழாவி, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்தார். "இதோ இருக்கு. அடுத்து ஆபரேஷன் ஆகப்போற இடது கண்ணுல சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு சொட்டு, தினமும். அசையாதீங்க."

"இதுக்கு ஒரு டைமர் வச்சு..."

"வாயை மூடிட்டுக் கண்ணைத் திறங்க" என்று சொல்லி, மனைவி புட்டியைக் கவிழ்த்தார்.